முயலுக்கும் பீட்டருக்கும் நடுவில் 12 அடி

தைரியத்தைப் பற்றி எழுத வந்துவிட்டு ஒரு மூன்று வயதுப் பையனையும் முயலையும் ஏன் இழுக்கிறேன் என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. பயம் தெளிந்த பெரியவர்கள் தங்கள் கதையைச் சொல்லும்போது அது எப்போதும் முடிவிலிருந்து திரும்பிப் பார்த்துச் சொல்லும் கதையாகவே இருக்கிறது. 'அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன், அதோடு சரி' என்பார்கள். நடுவில் எத்தனை தடவை பின்வாங்கினார்கள், எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கே மறந்து போயிருக்கும். பீட்டருக்கு அப்படிக் கதை கட்டத் தெரியாது. அவன் அழுதது, ஒதுங்கியது, துப்பியது, தொட்டது எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்த ஒருவர் அன்றன்றைக்கே குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

முன்கதை

1920இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆல்பர்ட் என்று அவர்கள் அழைத்த 11 மாதக் குழந்தை வெள்ளை எலியைத் தொடப் போகும்போதெல்லாம், பின்னால் ஒரு இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சீக்கிரமே சத்தம் இல்லாமலேயே எலியைக் கண்டதும் குழந்தை அழுதது. பயத்தை உண்டாக்க முடியும் என்று நிரூபித்தாயிற்று. உண்டாக்கிய பயத்தை எடுக்கும் முன்பே குழந்தை அங்கிருந்து போய்விட்டது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது.

ரேனரின் கல்லூரித் தோழி மேரி கவர் ஜோன்ஸ். அவர் மனதில் எழுந்தது எதிர்க்கேள்வி: வரவழைக்க முடிகிற பயத்தைப் போகவைக்கவும் முடியுமா? வாட்சன் ஆலோசனை சொல்ல, நியூயார்க்கில் குழந்தைகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் அவர் வேலையைத் தொடங்கினார். பீட்டரைப் பற்றிய அறிக்கை 1924இல் வந்தது. பிற்காலத்தில் நடத்தைச் சிகிச்சை என்ற துறைக்கே ஜோன்ஸைத் தாய் என்று சொன்னார்கள்.

யார் இந்தப் பீட்டர்

ஆய்வு தொடங்கியபோது வயது 2 ஆண்டு 10 மாதம். துறுதுறுப்பானவன், செவிலியருக்கும் மற்ற குழந்தைகளுக்கும் செல்லம், கையில் கிடைத்தது எல்லாம் தன்னுடையது என்று சண்டை போடுகிறவன். புத்திக்கூர்மைச் சோதனையில் 102. அதாவது சாதாரணப் பையன். இதை அழுத்திச் சொல்லக் காரணம், 'பயந்தாங்கொள்ளி' என்று ஒரு தனி ஜாதி இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பீட்டர் அப்படி இல்லை. சில குறிப்பிட்ட பொருள்களிடம் மட்டும் அவனுக்கு அளவுக்கு மீறிய பயம், மற்றபடி சண்டைக்காரன்.

முதல் நாள் தொட்டிலில் விளையாடிக்கொண்டிருந்தவனிடம் பின்பக்கமாக ஒரு வெள்ளை எலியை விட்டார்கள். வீறிட்டு அலறி மல்லாந்து விழுந்தான். அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அதே தொட்டிலில் வேறொரு சிறுமியை விட்டார்கள். அவள் எலியைச் சாதாரணமாகக் கையில் எடுத்துக்கொண்டாள். பீட்டரின் பாசிமணிச் சரம் தொட்டிலிலேயே கிடந்தது. எலி அதன்மேல் படும்போதெல்லாம் 'என் மணி' என்று முனகினான், அந்தச் சிறுமி தொட்டால் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி சகஜமாக ஓடியாட அவனுக்கு 25 நிமிடம் ஆயிற்று.

மறுநாள் ஒவ்வொரு பொருளாகக் காட்டிப் பார்த்தார்கள். ரோமக் கோட்டைக் கண்டு அழுகை, பஞ்சைக் கண்டு சிணுங்கல், இறகு வைத்த தொப்பிக்கும் அழுகை. மரப்பொம்மைக்கும் கட்டைகளுக்கும் ஒன்றுமில்லை. எலியை விட முயலுக்குத்தான் அதிகம் பயந்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழியாக மட்டும் இல்லாமல் இங்கே வரிசையாகப் பதிவாகியிருக்கிறது. மென்மையாக, மயிரோடு எது இருந்தாலும் அது முயலுக்குச் சொந்தமாகிவிட்டது. நமக்கும் இப்படித்தான். ஒரு மேலதிகாரியிடம் ஒருநாள் வாங்கிக் கட்டிக்கொண்டவர், அப்புறம் கதவு மூடிய எந்த அறைக்குள் நுழையவும் யோசிக்கிறார்.

உதவாமல் போனவை

வென்றதைச் சொல்வதற்கு முன் தோற்றதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் தினமும் கையாளுவது இவற்றைத்தான். அதே 1924இல் ஜோன்ஸ் இன்னொரு அறிக்கையும் வெளியிட்டார். 3 மாதம் முதல் 7 வயது வரையான 70 குழந்தைகளைக் கவனித்து, பயம் போக்க வழக்கமாகச் செய்யும் உத்திகளை ஒவ்வொன்றாகச் சோதித்தது அது.

விட்டுப் பார்த்தார். பயப்படும் பொருளை வாரக்கணக்கில் கண்ணில் காட்டாமல் இருந்தால் மறந்துபோகுமா? போகவில்லை. மறுபடி முயல் வந்ததும் பழைய அழுகையே வந்தது.

கேலியையும் பார்த்தார். தவளைக்குப் பயந்த ஒரு சிறுவன், மற்ற பையன்களோடு வந்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தான். ஒருவன் தவளையைக் கையில் எடுத்ததும் அலறி ஓடினான். துரத்திக் கேலி செய்தார்கள். பயம் கொஞ்சமும் குறையவில்லை. 'இதுக்கெல்லாமா பயப்படுவே' என்ற வாசகத்தின் பயன் இவ்வளவுதான்.

என்னை நிறுத்திய இடம் இதற்கு அடுத்தது. பேசிப் பார்த்தது. நன்றாகப் பேசத் தெரிந்த, முயலுக்குப் பயந்த ஒரு சிறுமியிடம் ஒரு வாரம், தினம் 10 நிமிடம், முயலைப் பற்றி இனிமையாகப் பேசினார்கள். முயல் படம், முயல் பொம்மை, முயல் கதை. அவளும் குஷியானாள். உங்கள் முயல் எங்கே என்று கேட்டாள். நான் உங்கள் முயலைத் தடவிக்கொடுத்தேன், அது அழவே இல்லை என்று தானாகக் கதை விட்டாள். வாரக் கடைசியில் நிஜ முயல் வந்தது. எழுந்து ஓடினாள். தரையில் அதை விட்டதும் தேம்பி அழுதாள்.

இந்தச் சிறுமி நாம்தான். காலையில் கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும், நான் பயப்பட மாட்டேன்' என்று சொல்லிக்கொண்டு போகிற நாம். சொல்வதில் பொய் இல்லை, சொல்லும்போது நிஜமாகவே உற்சாகம் வருகிறது. முயல் மட்டும் வார்த்தையில் இல்லை, தரையில் இருக்கிறது. 2009இல் உளவியலாளர் ஜோவான் வுட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைப் பெரியவர்களிடம் வேறொரு கோணத்தில் பார்த்தார்கள். தன்னைப் பற்றிய மதிப்பு ஏற்கனவே குறைந்திருந்தவர்களிடம் 'நான் அன்புக்குரியவன்' என்பது போன்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, அவர்கள் மனநிலை மேலும் இறங்கியது. யாருக்கு அந்த மருந்து தேவை என்று நினைக்கிறோமோ அவர்களுக்குத்தான் அது ஒத்துக்கொள்ளவில்லை. வாசகத்தைக் கேட்டதும் உள்ளே ஒரு குரல் 'அப்படியா?' என்று கேட்கிறது, அவ்வளவுதான்.

ஜோன்ஸ் பார்த்த உத்திகளில் சந்தேகமில்லாமல் பலித்தவை இரண்டே. பயப்படாத குழந்தையைப் பக்கத்தில் வைத்திருப்பது ஒன்று. பயப்படும் பொருளைப் பிடித்தமான ஒன்றோடு சேர்த்து, தாங்கும் தூரத்தில் காட்டுவது இன்னொன்று.

பீட்டரிடம் நடந்தது

முதலில் செய்தது எளிய காரியம். தினமும் பீட்டரோடு, முயலுக்குக் கொஞ்சமும் பயப்படாத மூன்று குழந்தைகளை விளையாட அழைத்து வந்தார்கள். விளையாட்டு நேரத்தின் ஒரு பகுதியில் முயலும் இருக்கும். யாரும் அவனை 'போய்த் தொடு' என்று தள்ளவில்லை.

ஏழாவது அமர்வில் முயலைத் தரையில் விட்டார்கள். பீட்டர் இப்போது அழுவதில்லை என்று ஒரு சிறுவன் சொன்னான். 'இல்லை' என்று பீட்டர் ஒத்துக்கொண்டான். அவனுக்கு இருந்த கவலை, முயல் தன் விளையாட்டு வண்டியைத் தின்றுவிடுமோ என்பது. மற்றவர்கள் முயலைத் தடவிக்கொண்டே கலகலத்தார்கள். பீட்டர் நடந்து போனான், முதுகைத் தொட்டான், 'நான் அதோட கடைசியில தொட்டுட்டேன்' என்று கூவினான்.

கடைசியில்! பல் இருக்கும் பக்கம் அல்ல. அந்த வார்த்தைக்காகவே இந்தக் குறிப்பைப் பல தடவை படித்திருக்கிறேன். அவன் அசட்டுத் துணிச்சல் காட்டவில்லை, ஆபத்துக் குறைந்த இடத்தைப் பார்த்துத் தொட்டான். அதைத் தொட்டதாகவே கணக்கில் வைத்துப் பெருமையும் பட்டுக்கொண்டான்.

இங்கே கதை முடிந்திருந்தால் நல்ல விளம்பரம். ஆனால் பீட்டருக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்தது. இரண்டு மாதம் வரவில்லை. மருத்துவமனை வாசலில் செவிலியோடு டாக்சியில் ஏறும்போது ஒரு பெரிய நாய் அவர்கள்மேல் பாய்ந்தது. செவிலியும் பயந்துவிட்டார். பையன் வெளிறிப்போய் இருக்கையில் சாய்ந்து கிடந்தான். திரும்பி வந்தபோது பயம் பழைய உச்சத்துக்கே ஏறியிருந்தது.

நோய்வாய்ப்பட்ட உடம்பு, தெரியாத இடம், கூட இருந்த பெரியவரே பயந்தது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் தங்கள் பயிற்சி தாங்கியிருக்க வழியில்லை என்று ஜோன்ஸ் எழுதுகிறார். 'பையன் சரியில்லை' என்று எழுதவில்லை, 'முறை தோற்றது' என்றும் எழுதவில்லை. நாம் சறுக்கும்போது நம்மைப் பற்றி இப்படி எழுதுகிறோமா என்று யோசித்துப் பாருங்கள். காய்ச்சலும் தூக்கமின்மையும் இருந்த வாரத்தில் பின்வாங்கிவிட்டு, 'எனக்குத் துணிவே கிடையாது' என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் நாம்.

இரண்டாம் சுற்றில் முறையை மாற்றினார். பீட்டரை உயரமான நாற்காலியில் உட்காரவைத்துப் பிடித்த தின்பண்டம் கொடுத்தார்கள். கம்பிக் கூண்டில் முயல் வந்தது, அவன் சாப்பிடுவது தடைபடாத தூரம் வரை மட்டும். நெருக்கம் அதிகமானால் பண்டத்தின் மீதே வெறுப்பு வந்துவிடும் என்பது இந்த முறையில் உள்ள அபாயம், அதனால் கவனம் முழுக்கத் தூரத்தில்தான். கூடவே மற்ற குழந்தைகள். ஒருநாள் 12 அடி தள்ளி முயலை வைத்ததும் பீட்டர் அழ ஆரம்பித்தான். பக்கத்தில் மிட்டாய் தின்றுகொண்டிருந்த பையன் 'ஓ, முயல்!' என்று இறங்கி ஓடிக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தான். பீட்டர் பின்னாலேயே போனான். அவனுக்கு மிகவும் பிடித்த, 'அப்பா' என்றே அவன் உரிமை கொண்டாடிய ஒரு உதவியாளர் வந்த நாட்களிலும் முன்னேற்றம் துள்ளியது. அவர் எதுவும் சொல்லவில்லை, சும்மா இருந்தார். 21வது அமர்வில், 'எனக்கு வேண்டாம்' என்று விலகியவன், இன்னொரு குழந்தை முயலை மடியில் வைத்திருப்பதைப் பார்த்ததும் தனக்கும் கேட்டான். ஒரு கணம் வைத்திருந்தான்.

படிக்கட்டு

இந்த முன்னேற்றத்தை ஜோன்ஸ் 17 படிகளாகப் பதிவு செய்தார். முதல் படியில் முயல் கூண்டோடு அறையில் எங்கே இருந்தாலும் பயம். அப்புறம் 12 அடியில் தாங்குகிறான், 4 அடியில், 3 அடியில், கூண்டோடு பக்கத்தில், பிறகு முயல் அறையில் சுதந்திரமாக. ஆய்வாளர் பிடித்திருக்கும்போது தொடுகிறான், பிறகு யாரும் பிடிக்காதபோது. நடுவே விநோதமான ஒரு படி: முயல்மீது துப்புகிறான், எதையாவது எறிகிறான், அதைப் போலவே நடித்துக் காட்டுகிறான். அதன்பின் நாற்காலியின் முன்தட்டில் முயலை விட்டுக்கொள்கிறான், அதன் அருகே குந்தி உட்காருகிறான், கூண்டுக்குத் தூக்கிப் போக உதவுகிறான், மடியில் வைக்கிறான், அதோடு தனியாக அறையில் இருக்கிறான். கடைசிப் படியில் முயல் அவன் விரலைக் கொறிக்க விடுகிறான்.

துப்பும் படியை யாரும் சுயமுன்னேற்றப் பேச்சில் சொல்லமாட்டார்கள். பயம் நேராக அன்பாக மாறவில்லை, நடுவில் முரட்டுத்தனமாகவும் கொஞ்சம் அநாகரிகமாகவும் இருந்தது. ஜோன்ஸ் அதைக் கண்டிக்காமல் ஒரு படியாக எண்ணியது அவருடைய பெருந்தன்மை மட்டுமல்ல, கூர்மையும்கூட. பேசவே பயந்த ஒருவர் முதன்முதலில் வாய் திறக்கும்போது குரல் தேவைக்கு மேல் உயரும், வார்த்தை கொஞ்சம் காரமாக விழும். வீட்டில் இருப்பவர்கள் 'இவருக்கு என்ன ஆயிற்று' என்பார்கள். ஒன்றும் ஆகவில்லை, ஒன்பதாம் படியில் நிற்கிறார்.

படிகள் சீராகவும் இல்லை. சில நாள் நகரவே இல்லை, சில நாள் ஒரே தாவல். முயலைத் தூக்கிப் போகும்போது ஒருமுறை லேசாகப் பிறாண்டிவிட்டது, மளமளவென்று சரிந்தான். ஆனால் இந்தத் தடவை இழந்ததை விரைவில் மீட்டுக்கொண்டான். நாய் பாய்ந்ததையும் இந்தப் பிறாண்டலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவனிடம் மாறியது என்ன என்று தெரிகிறது. சரிவு இல்லாமல் போகவில்லை, மீண்டு வரும் நேரம்தான் குறைந்தது.

உடம்பு என்ன செய்துகொண்டிருந்தது என்றும் ஒருமுறை அளந்தார்கள். முயல் நெருங்கியபோது ரத்த அழுத்தத்தின் கீழ் எண் 65இலிருந்து 80க்கு ஏறியது. இதயம் அடித்துக்கொள்வதும் கை நடுங்குவதும் கோழைத்தனத்தின் சான்றிதழ் அல்ல. உடம்பு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

வார்த்தை எப்போது வந்தது

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். பீட்டர் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள, அவன் சொல்வதையும் குறித்து வந்தார்கள். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருநாள் திடீரென்று, 'மணியால என்னைக் கடிக்க முடியாது, மணியால என்னைப் பார்க்கத்தான் முடியும்' என்றான். முயலைப் பற்றிச் சொல்ல முடியாததை மணியிடம் ஒத்திகை பார்த்தானோ என்னவோ. பயிற்சியின் கடைசிப் பகுதியில்தான் எப்போதாவது, 'எனக்கு முயலைப் பிடிக்கும்' என்றான்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் தூரம் குறைந்தது, பிறகு கை தொட்டது, கடைசியில்தான் 'பிடிக்கும்' வந்தது. நேர்மறை எண்ணம் என்று நாம் சொல்வது இந்த வழக்கில் காரணமாக இல்லை, விளைவாக வருகிறது. பேச்சில் கரைந்த அந்தச் சிறுமிக்கு வார்த்தை முதலில் கிடைத்தது, கால் நகரவில்லை. பீட்டருக்குக் கால் நகர்ந்தது, வார்த்தை பிறகு ஓடி வந்து சேர்ந்துகொண்டது. 1977இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 'இது என்னால் ஆகும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று வகைப்படுத்தினார். தானே செய்து பார்த்த அனுபவமே அதில் வலுவான ஊற்று. பிறர் செய்வதைப் பார்ப்பது அதற்கு அடுத்தது, பிறர் சொல்லிக் கேட்பது அதைவிட வலுக் குறைந்தது. பீட்டரின் நோட்டுப் புத்தகம் இதை 53 ஆண்டுகள் முன்னாலேயே வரைந்து வைத்திருந்தது.

என் முயல்

இதையெல்லாம் படித்த காலத்தில் எனக்கும் ஒரு முயல் இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள்: தெரியாத எண்ணிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு. மணி அடித்ததும் வயிறு இறுகும், எடுக்க மாட்டேன், மணி நிற்கும், 'அப்பாடா' என்று இருக்கும். அந்த அப்பாடாதான் வினை. உளவியலாளர் மவ்ரர் 1947இல் விளக்கியது அதைத்தான்: ஒதுங்கினால் கிடைக்கும் நிம்மதியே ஒதுங்குவதற்குக் கூலியாகி, பயத்தைக் காலாகாலத்துக்கும் காப்பாற்றிவிடுகிறது.

நான் 12 அடியைத் தேடினேன். எனக்கு அது, மணி அடிக்கும்போது எழுந்து வேறு அறைக்குப் போகாமல் இருப்பது. எடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அப்புறம் தவறிய அழைப்பை, என் நண்பன் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் திருப்பி அழைப்பது. அவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, அதுதான் அவனிடம் எனக்கு வேண்டியிருந்தது. அறிவுரை தேவைப்படவில்லை. துப்பும் படியும் வந்தது. ஒரு விற்பனைக்காரரிடம் தேவையில்லாமல் கத்தினேன், பிறகு வெட்கமாக இருந்தது. நாயும் வந்தது. எடுத்த ஓர் அழைப்பு நிஜமாகவே கெட்ட செய்தி. மூன்று வாரம் போன் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. இப்போது எடுக்கிறேன். பெரும்பாலான நேரம் ஏதோ கடன் திட்டம்.

ஆய்வின் எல்லை

பீட்டர் ஒரே ஒரு குழந்தை. அவனுடைய பயம் எங்கே தொடங்கியது என்பது கடைசி வரை தெரியவில்லை. வெள்ளை எலியை அவன் முன்பு பார்த்திருக்கவே வாய்ப்பில்லை என்பதால், இவை வேறெங்கிருந்தோ தாவி வந்த பயங்கள் என்று ஜோன்ஸே சொல்கிறார். மூலப் பயத்தைச் சந்தித்தால் என்ன செய்வான் என்பதற்குப் பதில் இல்லை. எல்லாப் பயத்தையும் இப்படிக் கரைக்க வேண்டும் என்றும் இல்லை. உண்மையிலேயே கடிக்கிற நாயிடம் 12 அடி என்பது நல்ல தூரம், அங்கேயே நிற்கலாம். பயத்தால் தூக்கமோ வேலையோ நடமாட்டமோ முடங்கிப்போனவர்கள் இந்தப் படிகளைத் தேர்ந்த சிகிச்சையாளரோடு ஏறுவது நல்லது. பீட்டரும் தனியாக ஏறவில்லை.

இன்னொரு எல்லை வீடு. பெற்றோர், ஒன்பது வயது அண்ணன், பீட்டர் எல்லோரும் ஒரே அறையில் இருந்தார்கள். தந்தையின் வாரச் சம்பளம் 25 டாலர். ஒரு மகளை இழந்த குடும்பம். பையனைக் கட்டுப்படுத்த அம்மா அடிக்கடி சொன்னது: 'உள்ளே வா பீட்டர், உன்னைத் திருடிக்கொண்டு போக யாரோ வந்திருக்கிறார்கள்.' ஆய்வுக்கூடத்தில் அடி அடியாகக் குறைத்த தூரம், வீட்டு வாசலில் ஒரு வாக்கியத்தில் கூடிவிடும். இதை ஜோன்ஸ் மறைக்கவில்லை. பீட்டரின் எதிர்காலம் நம்பிக்கை தருவதாக இல்லை என்று எழுதிவிட்டார்.

கடைசிச் சந்திப்பில் பஞ்சு, ரோமக் கோட்டு, இறகு எதற்கும் பயம் இல்லை. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விட்டான். இவற்றுக்கென்று யாரும் தனியாகப் பயிற்சி தரவில்லை. அதுவரை காட்டாத ஒரு சுண்டெலியையும் பின்னிக் கிடந்த மண்புழுக் கூட்டத்தையும் கொண்டுவந்தார்கள். பார்த்ததும் முகம் சுளித்து நகர்ந்தான். நேரம் முடிவதற்குள் புழுக்களைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான்.

அதற்குச் சற்று முன்னதாக, கடைசி அமர்வுகளில் ஒன்றில், முயலைப் பார்த்து மிகவும் கலங்கிப்போன வேறொரு குழந்தையும் அறையில் இருந்தது. பீட்டரிடம் பயத்தின் அறிகுறி எதுவும் இல்லை என்று அன்றைய குறிப்பு சொல்கிறது.